சிப் போட்டாச்சு, ஆனால் அது யார் பெயரில் இருக்கிறது?

நாய்க்குட்டிக்குச் சிப் போட்டாச்சு, இனி தொலைந்தாலும் கவலையில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்த நிம்மதியில்தான் முதல் தவறே நடக்கிறது. தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும், அரிசிமணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோகூடக் கிடையாது. இருப்பது 15 இலக்க எண் ஒன்று மட்டும்தான். ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் அந்த எண் திரையில் வரும், அவ்வளவுதான். அது யாருடைய நாய் என்பது பதிவேட்டில்தான் இருக்கிறது.

ஒரு நாள் மாலை, பெரிய இடிமழையில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு ஷிட்சு குட்டி தூணோரமாக நடுங்கிக்கொண்டு நின்றது. துண்டில் சுற்றிப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை வைத்ததும் பீப் சத்தம், எண் வந்துவிட்டது, எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பதிவில் இருந்தவரை அழைத்தால், "அதை நான் எப்பவோ கொடுத்துட்டேனே" என்கிறார். வாங்கியவரின் எண்ணும் அவரிடம் இல்லை. லிஃப்ட் பக்கம் ஒட்டிய தாளைப் பார்த்து உரிமையாளர் வந்து சேர இரண்டு நாள் ஆனது, அழுது அழுது அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்தது.

அதனால் கையோடு கேளுங்கள்: நாயின் உரிமம், அதாவது அந்தப் பதிவு, யார் பெயரில் இருக்கிறது? இங்கே சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உரிமம் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் ஏவிஎஸ் என்ற விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுதான் இதைப் பார்த்துக்கொள்கிறது. கைமாறி வந்த குட்டி என்றால் உரிமத்தை முறைப்படி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. வீடு மாறினாலும், போன் எண் மாறினாலும் பதிவிலும் மாற்றிவிடுங்கள். வங்கிக்கெல்லாம் மறக்காமல் சொல்கிறோம், இதை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம்.

அப்புறம், சிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய குட்டிக்கு ஏற்கெனவே சிப் இருக்கலாம், இரண்டாவது தேவையில்லை. போட்ட பிறகும் ஸ்கேன் செய்து, திரையில் வரும் எண்ணைச் சான்றிதழோடு நீங்களே ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் அந்தப் பதிவால் பயனில்லை.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வரிசை முக்கியம். சிங்கப்பூரில் 1953 முதல் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்பதால் அந்தத் தடுப்பூசியை நாம் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போக, முதலில் சிப், பிறகுதான் ரேபிஸ் ஊசி. முன்னாலேயே போட்ட ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டியிருக்கும்.

சிப் இருக்கிறதே என்று கழுத்துப்பட்டையைக் கழற்றி வைப்பவர்களும் உண்டு. குட்டியைக் கண்டெடுக்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஸ்கேனர் ஏது? பட்டையில் உங்கள் எண் இருந்தால் அடுத்த நிமிடமே அழைத்துவிடுவார்.

சிப் சில நேரம் தோலுக்கடியில் நகர்ந்து, தோளுக்கோ முன்னங்காலுக்கோ போய்விடும். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்கேனரை மெதுவாக உடம்பு முழுக்க ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.