கல்லூரிச் சுற்றறிக்கை எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

"இதன்மூலம் அனைத்து மாணவ, மாணவியர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எதிர்வரும் பருவத் தேர்விற்கான தேர்வு கட்டணத்தினை உரிய தேதிக்குள் செலுத்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செலுத்த தவறுவோர் மீது தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும்."

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். இதில் 'மாணவியர்கள்' என்று இரட்டைப் பன்மை இருக்கிறது. 'மாணவர்களுக்கு' என்று தொடங்கிய வாக்கியம் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று தடம் மாறி முடிகிறது. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். உரிய தேதி எது? எங்கே கட்டுவது? தேதி தவறினால் அபராதமா, தேர்வே எழுத முடியாதா? மாணவருக்கு வேண்டியது எதுவுமே இல்லை. கோப்பில் வைப்பதற்காக எழுதியது அப்படித்தான் இருக்கும்.

"நவம்பர் பருவத் தேர்வுக் கட்டணத்தை அக்டோபர் 10, மாலை 4 மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் கட்டுங்கள். அதன் பிறகு அக்டோபர் 15 வரை அபராதத்துடன் கட்டலாம்." இவ்வளவு போதும். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

'நாளை', 'வரும் திங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று நாள் கழித்துச் சுற்றி வரும்போது அது எந்த நாளை என்று யாருக்கும் தெரியாது. தேதியோடு கிழமையையும் போடுங்கள். போடுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

ஒற்றுப் பிழையில் இரண்டு வகை. ஒன்று, வேண்டிய இடத்தில் விடுவது: 'தேர்வுக் கட்டணம்', 'செலுத்தத் தவறுவோர்' என்றுதான் வரவேண்டும். இன்னொன்று, பயத்தில் எல்லா இடத்திலும் போடுவது: 'சிறந்தக் கல்லூரி', 'நடந்தப் போட்டி'. பெயரெச்சத்துக்குப் பின் பெரும்பாலும் வல்லினம் மிகாது. 'சுவற்றில் ஒட்டாதீர்' என்று சுவரிலேயே எழுதி வைப்பதைப் பற்றி என்ன சொல்ல? சுவரில் என்பதே சரி.

பிழை வந்தால் ஆளே கோபித்துக்கொள்ளும் இடம் அழைப்பிதழ். 'முனைவர் திரு.' என்று இரண்டையும் அடுக்க வேண்டாம். ஆய்வுப் பட்டம் பெற்றவரை 'டாக்டர்' என்று போட்டால் மருத்துவரோ என்ற குழப்பம் வரும். முனைவர் என்றே போடுங்கள். உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் மூன்றும் வேறு வேறு பணிநிலைகள்; பேச்சில் எல்லாரும் பேராசிரியர்தான், அச்சில் அப்படியல்ல. அப்புறம் தலைப்பெழுத்து. தந்தை பெயர் குப்புசாமி என்றால் 'கு.'தான், 'கே.' இல்லை. ஒரே அழைப்பிதழில் ஒருவருக்கு 'கு.', அடுத்தவருக்கு 'ஜி.' என்று வருவதுதான் மோசம். தமிழ்த் தலைப்பெழுத்தைப் பின்பற்றச் சொல்லி 2021இல் அரசே ஆணையிட்டிருக்கிறது. இருந்தாலும் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கல்லூரியின் தகுதியைச் சொல்லும்போது ஆர்வம் கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரி தானே தேர்வு நடத்தலாம். பட்டத்தை வழங்குவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான். ஆகவே 'எங்கள் கல்லூரி வழங்கும் பட்டம்' என்று எழுதுவது தவறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று வெறுமனே சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. கல்லூரிகளை மதிப்பிட்டு நாக் (NAAC) அமைப்பு தரும் தரமும் ஆயுள் முழுக்கச் செல்லாது. பொதுவாக 5 ஆண்டு. காலாவதியான தரத்தைக் கடிதத்தாளில் தொடர்ந்து அச்சடிப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் அதை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள்.

கடைசியாக எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. அதை நகலெடுத்துக் கைபேசியில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஒருங்குறியில் ஒரே முறை அடித்து, அதையே எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள். அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறலாம். மெய்ப்பை மறுபடி வாங்கிப் பார்த்த பிறகே அச்சுக்குச் சரி சொல்லுங்கள்.