எஃப்4: சிப்பாயைக் கொடுத்து ஆடும் கிங்ஸ் காம்பிட்

மொரிஷியஸில் காய்களைப் பிரெஞ்சுப் பெயரில் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வரி: ருவா ராஜா, டாம் ராணி, தூர் யானை, ஃபூ மந்திரி, கவாலியே குதிரை, பியோன் சிப்பாய். நீங்கள் வெள்ளை. பலகையை எடுத்து வைத்து, ஒவ்வொரு நகர்வையும் கையால் ஆடிப் பாருங்கள்.

படி 1: வெள்ளை ஈ4 (காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய் அந்தக் கட்டத்துக்குப் போகிறது), கறுப்பு ஈ5.

படி 2: வெள்ளை எஃப்4. கறுப்பு இதை வெட்டினால் அதன் சிப்பாய் நடுவிலிருந்து விலகிவிடும். டி4 தள்ளி நடுப்பலகையை நீங்கள் பிடிக்கலாம். ரோக் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்தபின் எஃப்4 சிப்பாயையும் எடுத்துவிட்டால், யானை நேராக எஃப்7-ஐப் பார்க்கும். தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜா மட்டுமே காவல். ஆனால் உங்கள் ராஜாவின் பக்கமும் திறந்துவிட்டது: ஈ1 முதல் எச்4 வரையுள்ள மூலைக்கோட்டைக் கண்ணிலிருந்து விடாதீர்கள்.

படி 3: கறுப்பு வெட்டியதும் குதிரை எஃப்3. புதியவர்கள் இங்கே டி4 ஆடித்தான் அடிபடுகிறார்கள். கறுப்பு ராணி எச்4-இல் செக் வைக்கும். ஜி3 போட்டு மறைத்தால் எஃப்4 சிப்பாய் அதை வெட்டும். எச் சிப்பாயால் திருப்பி வெட்டினால் எச்1 யானை போய்விடும். ராஜாவை ஈ2-க்கு நகர்த்தினால் ரோக் உரிமை போயிற்று. 1851-இல் லண்டனில் ஜெர்மன் ஆட்டக்காரர் ஆண்டர்சன் மந்திரியை சி4-இல் வைத்து இந்தச் செக்கை வரவிட்டார்; பிறகு ராணி, இரண்டு யானை, ஒரு மந்திரி எல்லாம் கொடுத்து 23-ஆம் நகர்வில் மேட் வைத்தார். பார்த்து ரசிக்க அருமையான ஆட்டம், ஆரம்பத்தில் பின்பற்ற வேண்டாம்.

படி 4: கறுப்பு ஜி5 ஆடினால் உடனே எச்4. தாமதித்தால் மந்திரி ஜி7, சிப்பாய் எச்6 என்று சங்கிலி இறுகிவிடும். ஜி4 என்று குதிரையை விரட்டினால் ஈ5-க்குப் போங்கள். 1960-இல் அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டாவில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கி இந்த வழியில்தான் அமெரிக்கர் ஃபிஷரை வென்றார். மறு ஆண்டே ஃபிஷர், மூன்றாம் நகர்வில் கறுப்பு டி6 ஆடினால் இந்தத் தொடக்கமே விழும் என்று கட்டுரை எழுதினார். டி6 சிப்பாய் குதிரைக்கு ஈ5-ஐ மறுப்பதுதான் காரணம். டி6 வந்தால் டி4 ஆடி, மந்திரியை சி4-க்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாம் நகர்வில் கறுப்பு எஃப்4-ஐ வெட்டாமல் மந்திரி சி5 ஆடினால்? ஈ5 சிப்பாய் இலவசமாகத் தெரியும், தொடாதீர்கள். வெட்டினால் ராணி எச்4 செக். ராஜா ஈ2-க்குப் போனால் ராணி ஈ4-ஐ வெட்டி மேட். ஜி3 போட்டாலும் ராணி ஈ4-ஐச் செக்கோடு வெட்டி, அடுத்து எச்1 யானையை எடுக்கும். குதிரை எஃப்3 ஆடுங்கள். அந்த மந்திரி ஜி1 வரை பார்ப்பதால் ரோக் தாமதமாகும், பொறுக்கவும்.

இரண்டாம் நகர்விலேயே கறுப்பின் டி5 வந்தாலும் ஈ5-இல் அதே பொறிதான். ஈ4 சிப்பாயால் டி5-ஐ வெட்டுங்கள்.