ரிங் கயிறு உங்களைத் தள்ளிவிடாது: பெண்கள் மல்யுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரொஃபஷனல் மல்யுத்தப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது, ஓடிப்போய்க் கயிற்றில் மோதித் திரும்புவது. பார்க்க எளிதாக இருக்கும். பழகும்வரை முதுகும் அக்குளும் கன்றிப்போகும்.

கயிறே நம்மைத் தூக்கி எறியும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. சில ரிங்குகளில் டேப் சுற்றிய நிஜக் கயிறு இருக்கும். பலவற்றில் ரப்பர் குழாய்க்குள் எஃகு வடம். இரண்டுமே கொஞ்சம்தான் வளையும். திரும்பி வரும் வேகம் உங்கள் காலில்தான் இருக்கிறது. பயந்து வேகத்தைக் குறைத்தால் வலி கூடும், ஓட்டமும் நின்றுவிடும். கடைசி அடி வைக்கும்போது காலை ஊன்றித் திரும்பி, முதுகைக் கொடுத்து மோதுங்கள். அதே நொடியில் ஒரு கை மேல் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். கயிறு தளர்ந்தாலோ அறுந்தாலோ வெளியே விழாமல் காப்பாற்றுவது அந்தக் கைதான். இதில் சோம்பல் கூடவே கூடாது.

உயரத்தையும் பலர் யோசிப்பதில்லை. ஆண்கள் மோதும் அதே ரிங்கில்தான் பெரும்பாலும் பெண்களும் மோதுகிறார்கள். 6 அடி ஆளுக்கு முதுகில் படும் மேல் கயிறு, 5 அடிப் பெண்ணுக்குத் தோள் பக்கம் வந்துவிடும். உயரமானவர் செய்து காட்டியதை அப்படியே செய்தால் கழுத்து பின்னால் வெட்டி இழுக்கும். தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, உங்கள் உடம்புக்கு எங்கே படுகிறது என்று மெதுவாக மோதிப் பார்த்துவிட்டு வேகம் கூட்டுங்கள்.

ஸ்பிரிங்போர்ட் (கயிற்றில் ஏறி அதிலிருந்து எம்பிப் பாய்வது) செய்பவர்கள் கயிற்றின் நடுவில் ஏறிவிடுகிறார்கள். அங்கேதான் ஆட்டம் அதிகம். மூலையில் கயிற்றைக் கம்பத்தோடு இழுத்துக் கட்டும் டர்ன்பக்கிளுக்குப் பக்கத்தில் கயிறு இறுக்கமாக இருக்கும். ரிங்குக்கு ரிங் இறுக்கமும் மாறும். அதனால் போட்டிக்கு முன்பே ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. வியர்வையில் கயிறு வழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் விதிகள். கயிற்றுக்குப் பக்கத்திலேயே சப்மிஷன் பிடி (வலி தாங்காமல் எதிராளியைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கும் பிடி) போடுவது வீண். எதிராளி கையையோ காலையோ நீட்டித் தொட்டால் போதும், நடுவர் 5 எண்ணுவதற்குள் நீங்கள் விட்டாக வேண்டும். முதலில் நடுவுக்கு இழுத்து வாருங்கள். நீங்கள் பிடியில் மாட்டியிருந்தால், கயிற்றைத் தொடுவது நடுவர் கண்ணில் படும்படி தொடுங்கள். டேக் போட்டியில் (அணியாக, ஒருவர் மாற்றி ஒருவர் மோதுவது) உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது, மூலையில் கட்டியிருக்கும் சின்னக் கயிற்றை விடாமல் பிடித்திருப்பதும் விதிதான்.

பலர் ஒரே ரிங்கில் மோதி, கடைசியில் மிஞ்சுபவர் வெல்லும் ராயல் ரம்பிளில் கணக்கே வேறு. 2018இல் நடந்த முதல் பெண்கள் ரம்பிளில் 30 பேர் இறங்கினார்கள்; ஜப்பானிய வீராங்கனை அசுகா வென்றார். அங்கே மேல் கயிற்றைத் தாண்டி விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால்தான் அவுட். நடுக் கயிற்றின் வழியாக வெளியே போனால் ஆட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.