எல்லையை ஆராயப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வியாசர்பாடியில் ஓர் ஆயாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியே தப்பு. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, “நீங்க எல்லையத் தாண்டினது எந்த வருஷம் ஆயா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எல்லையா? அப்படி ஒண்ணும் நான் பாக்கலப்பா. ரங்கூன்ல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மேசை போட்டிருந்தான். தோட்டக் கழட்டி அதுல வைக்கச் சொன்னான். வச்சேன். அப்புறம் கப்பல், மெட்ராஸ், அவ்ளோதான்.”

1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் கடை கண்ணிகளெல்லாம் அரசுடைமை ஆயின. 1964 முதல் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் எல்லை என்றால் வரைபடத்தில் இருக்கும் கோடு என்ற நினைப்பிலேயே போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு எல்லை என்பது ஒரு மேசை. ஆய்வேடு எழுத வருகிற பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பதும் இதே தவறுதான்: முள்வேலி இருக்கும் இடத்தில் மட்டும் எல்லையைத் தேடுகிறார்கள். விமான நிலைய வரிசையிலும், குடியுரிமைச் சான்று கேட்கும் அலுவலகத்திலும், துறைமுகச் சோதனை மேசையிலும் எல்லை வந்து நிற்கிறது. அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லைகளையும் எல்லைப்புற மக்களையும் ஆராய்வது இன்று தனித் துறை. 1976-இல் அமெரிக்காவில் இதற்கென ஓர் ஆய்வாளர் சங்கம் தொடங்கினார்கள். 1986 முதல் ஆய்விதழும் வருகிறது. அமெரிக்காவில் பிறந்ததால், சுமார் 3,145 கி.மீ. நீளமுள்ள மெக்சிகோ எல்லைதான் இந்தத் துறையின் பால பாடம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே உருவான சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லா இடத்துக்கும் மாட்டிப் பார்ப்பது பெரிய தவறு. பணக்கார நாடு ஒரு பக்கம், ஏழை நாடு மறுபக்கம், நடுவில் சுவர் என்ற படம் பாக் நீரிணைக்குப் பொருந்துமா? அங்கே இரு கரையிலும் வலை போடுகிறவர்கள் தமிழர்கள். இராமேசுவரத்து இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போவது யாழ்ப்பாணத்துச் சின்னப் படகுக்காரரின் வலையை. இரண்டு அரசுகளை மட்டும் வைத்து எழுதினால் அந்த ஆள் ஆய்வேட்டில் வரவே மாட்டார்.

பாக் நீரிணை என்றதும் இன்னொன்று. 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் குழப்பாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாவது பாக் நீரிணையில் கோடு போட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. இரண்டாவது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோடு போட்டது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் வருவது. அப்புறம், கடல் மைல் வேறு, தரை மைல் வேறு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பன்னிரண்டு கடல் மைல் என்றால் 22 கி.மீ. சொச்சம். இதில் தப்பினால் படகு எந்த நாட்டுக் கடலில் நின்றது என்பதே மாறிவிடும்.

நாட்டுக்கு நாடு மட்டும்தான் எல்லையா? காசிமேட்டில் போய்க் கேளுங்கள். தரையில் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது, தடாவில் ஆந்திரா. கரையோரக் கடலில் மீன்பிடியை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் பொறுப்பு. நம் சட்டம் 1983-இல் வந்தது, ஆந்திரச் சட்டம் 1994-இல். ஆனால் தண்ணீரில் எல்லைக்கல் கிடையாது. மீன் வடக்கே போனால் படகும் வடக்கே போகிறது. பழவேற்காட்டு ஏரியோ இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. மீனவ ஊர்கள் முறை வைத்து வலை போடும் ‘பாடு’ வழக்கம் அங்கே உண்டு. அரசு போட்ட எல்லையை விட்டுவிட்டு, யார் எங்கே எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர் போட்டுக்கொண்ட எல்லையைக் கேட்டால் ஒரு முனைவர் பட்டத்துக்கே விஷயம் கிடைக்கும். வியாசர்பாடியில் இருந்துகொண்டு டெக்சாஸ் பற்றிய கட்டுரைகளை மட்டும் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இன்றைய கோட்டைப் பழங்காலத்தில் தேடுவது அடுத்த தவறு. “வடவேங்கடம் தென்குமரி” என்ற தொல்காப்பியப் பாயிர வரி தமிழ் பேசும் நிலத்தைச் சொல்கிறது. அது சர்வே எண் போட்ட எல்லை இல்லை. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் அந்த வரிக்கு அரசியல் பலம் கிடைத்தது உண்மை. அந்தப் போராட்டத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் என்ன பொருள் தந்தது, 1950-களில் என்ன பொருள் தந்தது என்று பிரித்து எழுத வேண்டும். கடைசியில், ஆந்திராவுக்கும் நமக்கும் நடுவராக இருந்த படாஸ்கர் கொடுத்த தீர்வு கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்துப் பிரித்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. அந்தக் கணக்கெடுப்பை எடுத்து வைத்துக்கொண்டு ‘இது தமிழ்க் கிராமம், அது தெலுங்குக் கிராமம்’ என்று எழுதினால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பாதி வீடுகள் கணக்கில் வராது. அடுப்படியில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று வாழ்கிறவரைக் கணக்கெடுப்புத் தாளில் ஒரு கட்டத்துக்குள்தானே எழுத முடியும்?

ஆவணத்தை அப்படியே நம்புவதும் இந்த வகைதான். அதற்கு நம்ம வால்டாக்ஸ் ரோடு நல்ல பாடம். பிரெஞ்சுக்காரர் லாலி 1758-59-இல் கோட்டையை முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஆங்கிலேயர்கள் சுவர் எழுப்பினார்கள். செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்ட நினைத்தார்கள். வரியை வசூலிக்கவே முடியவில்லை. சாலைக்கு ‘வால் டாக்ஸ்’, அதாவது சுவர் வரி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சுவரின் ஒரு துண்டு ராயபுரத்துக்குப் போகிற வழியில், மாடிப் பூங்காவில் இன்னும் நிற்கிறது. ஆணையில் இருப்பது அரசு ஆசைப்பட்டது. நடந்தது வேறாக இருக்கலாம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு கல்தூண் இருக்கிறதே, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி இருக்க வேண்டும், இதைத் தாண்டி வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1884-85 பெர்லின் மாநாட்டில் மேசை மேல் வரைபடத்தை விரித்துக் கண்டத்தைக் கூறு போட்டார்கள் என்று எழுதுவது வழக்கம். பெரும்பாலான கோடுகள் அந்த மாநாட்டில் போடப்படவில்லை. பிறகு இரண்டிரண்டு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் வந்தவை. ஆறும் மலையும் ‘இயற்கை எல்லை’ என்பதும் அப்படித்தான். ரியோ கிராண்டே தடம் மாறி, சமிசால் என்ற துண்டு நிலத்துக்காக அமெரிக்காவும் மெக்சிகோவும் சுமார் நூறு வருஷம் சண்டை போட்டு, 1963-இல்தான் ஒப்பந்தம் போட்டன.

சொல் விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வரைகோடு, அதை ஒட்டிய நிலம், அங்கே வாழும் வாழ்க்கை எல்லாவற்றுக்கும் ‘எல்லை’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். எல்லைக்கோடு, எல்லைப்புறம் என்று பிரித்துச் சொல்லுங்கள். எல்லையம்மனைக் கும்பிடுகிற ஊர்க்காரருக்கு எல்லை என்பது காவல். அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் பிரனீசு மலையில் எல்லை போட்டன. அடுத்த ஆண்டு 33 ‘கிராமங்கள்’ பிரான்சுக்குப் போயின. லீவியா ‘நகரம்’ என்ற தகுதி பெற்றிருந்ததால் கைமாறவில்லை. இன்றைக்கும் பிரான்சு சூழ நடுவில் ஸ்பெயினாக இருக்கிறது.

எல்லைப்புற மக்களைக் கவிதை ஆக்கிவிடுவது எனக்கு ரொம்பவே வருத்தம் தருகிற தவறு. ‘நாடற்ற சுதந்திரப் பறவைகள்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்தியா-வங்கதேச எல்லையில் ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டுத் துண்டாக 162 திட்டுகள் இருந்தன. 2015-இல் கைமாறும் வரை அங்கே இருந்தவர்களுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, ஓட்டும் இல்லை. அவர்கள் வேண்டியது ஒரு நாட்டின் அடையாள அட்டை.

அதேபோல மணிப்பூரின் மோரேயை ‘நாட்டின் கடைக்கோடி’ என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சென்னை முகாம்களில் பிழைக்க முடியாமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பிய தமிழர்கள் அங்கே தடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார்கள். அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள். எல்லையின் இருபுறமும் 16 கி.மீ. வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு 2024-இல் 10 கி.மீ. ஆனது. கோடு நகரவில்லை, ஆனால் அங்கே வாழ்கிறவரின் எல்லை சுருங்கிவிட்டது.

கடைசியாக, பேசியவர்களைக் காட்டிக்கொடுக்காதீர்கள். ஒற்றையடிப் பாதையை ஜி.பி.எஸ். புள்ளியோடு அச்சிடுவது, காகிதம் இல்லாதவரின் பெயரையும் தெருவையும் எழுதுவது, ‘நன்றி’ என்று போட்டு முகத்தைப் படமாகச் சேர்ப்பது எல்லாமே ஆபத்து. உங்களுக்குப் பட்டம் கிடைக்கும், அவருக்குப் போலீஸ் வரும். வியாசர்பாடி ஆயா, பதிவுக் கருவியை நான் அணைத்த பிறகுதான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த மேசையில் வைக்காமல் கொண்டுவந்தது என்ன என்று சொன்னார். அதை ஆய்வுக் கட்டுரையில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.