யூ.எஸ்.பி. தரவு சேகரிப்புக் கருவியில் உணரிகளை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணரிகள் தரும் வோல்ட்டை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் யூ.எஸ்.பி. தரவு சேகரிப்புக் கருவி ஒன்றை மடிக்கணினியில் செருகிய சில நிமிடங்களில் திரையில் எண்கள் ஓடத் தொடங்கிவிடும். வயர் கழன்றிருந்தாலும், கருவி அளக்கும் வோல்ட் எல்லையான வீச்சைத் தவறாகத் தெரிவுசெய்திருந்தாலும், உணரிக்கு மின்சாரமே போகாவிட்டாலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் யூ.எஸ்.பி.-6008 கருவியில் எதையும் இணைக்காத உள்ளீடு ஏறத்தாழ 1.4 வோல்ட் காட்டும். அதன் உட்சுற்று அமைந்திருக்கும் விதத்தால் வரும் இயல்பான அளவு அது. இதை அறியாத மாணவர் அந்த 1.4 வோல்ட்டை அழுத்த உணரியின் வாசிப்பு என்று எடுத்து, வரைபடம் கீறி, அறிக்கையும் எழுதி முடித்துவிடலாம். எங்கும் ஒரு பிழைச் செய்தியும் வராது.

கொழும்பிலும் மொறட்டுவையிலும் இறுதியாண்டுச் செயற்திட்டம் செய்யும் மாணவர்களையும், தொழிற்சாலைப் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கருவி பழுது என்று ஒதுக்கிவைக்கப்படும் பல சந்தர்ப்பங்களில் கருவியில் பழுதே இருப்பதில்லை. கோளாறு வயரிலோ, புவித்தொடுப்பிலோ, மென்பொருளில் கவனிக்காமல் விட்ட ஒரு தெரிவிலோ இருக்கும்.

வீச்சைக் கணக்கிடாமல் உணரியை வாங்குவது

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உணரியை வாங்கும்போது அதன் வெளியீடு எத்தனை மில்லிவோல்ட் என்று பார்ப்பவர்கள் குறைவு. 12 பிட் கருவி தன் முழு வீச்சையும் 4,096 படிகளாகப் பிரிக்கிறது. மறை 10 முதல் நேர் 10 வோல்ட் வரையான வீச்சில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினைகளை முன்கூட்டியே காணலாம்.

எல்.எம்.35 வெப்பநிலை உணரி ஒரு பாகை செல்சியசுக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. அப்படியானால் ஒரு படி அரைப் பாகை. அறை வெப்பநிலையைப் பார்க்க அது போதும். ஆனால் இரண்டு வேறு உலோக வயர்களை இணைத்துச் செய்யும் வெப்பநிலை உணரியான கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. அதே வீச்சில் நேரடியாக இணைத்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் கிட்டத்தட்ட 119 பாகை! வீச்சை மறை 1 முதல் நேர் 1 வோல்ட்டாகச் சுருக்கினாலும் ஒரு படி 12 பாகை வரும். எடைகளை அளக்கும் லோட் செல்லின் நிலைமை இன்னும் மோசம். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று குறிக்கப்பட்ட லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடையை ஏற்றும்போதுதான் 10 மில்லிவோல்ட் வரும். வெறுமையிலிருந்து முழு எடை வரைக்கும் இரண்டே படிகள்.

இதற்கு விலையுயர்ந்த கருவிதான் தீர்வு என்றில்லை. தெர்மோகப்பிளுக்கு ஏ.டி.595 போன்ற ஒரு சில்லு, மைக்ரோவோல்ட்டைப் பெருக்கிப் பாகைக்கு 10 மில்லிவோல்ட்டாகத் தந்துவிடும். லோட் செல்லுக்கு நல்ல கருவிப் பெருக்கி ஒன்று வேண்டும். மெதுவான எடை அளவீடு என்றால் எச்.எக்ஸ்.711 போன்ற 24 பிட் சில்லே போதும். வாங்குவதற்கு முன் ஒரு தாளில் பெருக்கலும் வகுத்தலும் செய்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. 6008 கருவியில், ஒவ்வோர் உணரியையும் கருவியின் புவியோடு ஒப்பிட்டு அளக்கும் ஒற்றை முனை முறையைத் தெரிவுசெய்தால் 12 பிட் 11 பிட்டாகிவிடும். வீச்சும் 10 வோல்ட்டிலேயே நிலைத்துவிடும். எட்டு சேனல்கள் (உள்ளீட்டு வழிகள்) கிடைக்கின்றன என்ற ஆசையில் பலர் அந்த முறைக்குப் போகிறார்கள். நான்கு சேனல்கள் போதுமென்றால், உணரியின் இரண்டு வயர்களுக்கும் இடையிலான வோல்ட்டை அளக்கும் வேறுபாட்டு முறையையே தெரிவுசெய்யுங்கள்.

தெர்மோகப்பிள் பற்றி மேலும் இரண்டு எச்சரிக்கைகள். அது அளப்பது இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை. கருவியில் இணைக்கும் முனையின் வெப்பநிலையைத் தனியே அளந்து கூட்டாவிட்டால், குளிரூட்டாத கொழும்பு அறையில் வாசிப்பு ஏறத்தாழ 30 பாகை குறைவாக வரும். அடுத்தது வயரின் நிறம். ஐ.ஈ.சி. என்ற சர்வதேசத் தர ஒழுங்கில் கே வகைக்குப் பச்சை நேர், வெள்ளை மறை. அமெரிக்க ஒழுங்கில் மஞ்சள் நேர், சிவப்பு மறை. சிவப்பைக் கண்டவுடன் நேர் முனையில் முடுக்குவது நம் கைப்பழக்கம். அமெரிக்க வயர் வந்தால் அந்தப் பழக்கமே வெப்பநிலையைத் தலைகீழாகக் காட்டும்.

எதனோடு ஒப்பிட்டு அளக்கிறீர்கள்?

வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. உணரியின் பூச்சியமும் கருவியின் பூச்சியமும் ஒன்றுதானா என்ற கேள்வியைக் கேட்காமல் வயரை முடுக்குவதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் அதிக நேரத்தை விழுங்கும் தவறு.

ஒரு பம்பியில் பொருத்திய அழுத்த உணரியை எடுத்துக்கொள்வோம். பம்பியின் உடல் ஓரிடத்தில் புவித்தொடுப்பிடப்பட்டிருக்கிறது. மடிக்கணினி வேறொரு சுவர்ச் செருகியிலிருந்து மின்சாரம் பெறுகிறது. இரண்டு புவிகளுக்கும் இடையில் சிறிய வேறுபாடு எப்போதும் இருக்கும். ஒற்றை முனை முறையில் இணைத்தவுடன் உங்கள் யூ.எஸ்.பி. வயரும் உணரி வயரும் அந்த இரண்டு புவிகளையும் இணைக்கும் பாலமாகிவிடுகின்றன. அதனூடாக ஓடும் மின்னோட்டம் அளவீட்டில் ஏறிவிடுகிறது.

இரண்டு முனைச் சார்ஜர்கள் வேறு வகையில் தொல்லை தரும். மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது இலேசாகக் குறுகுறுப்பதை உணர்ந்திருப்பீர்கள். சார்ஜருக்குள் இருக்கும் சிறிய கொள்ளளவி வழியாகக் கசியும் மின்னோட்டம் அது. புவித்தொடுப்பு இல்லாததால் அது போக வழி தேடும். நீங்கள் உணரியை இணைத்தால் அதன் வழியே போகும். மூன்று முனைச் சார்ஜரைப் புவி முனை தொடாத மலிவான அடாப்டரில் செருகினாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்கும் வழி இலகுவானது. அளவீடு ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை மின்கலத்தில் இயக்குங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. நிலையான தீர்வுக்கு வேறுபாட்டு முறை உதவும், போதாவிட்டால் இரு பக்கப் புவிகளையும் பிரித்துத் தரவை மட்டும் கடத்தும் யூ.எஸ்.பி. தனிமைப்படுத்தி ஒன்றை இடையில் வைக்கலாம். ஏ.டி.யு.எம்.4160 சில்லில் அமைந்த தனிமைப்படுத்திகள் விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது என்பதை வாங்கும் முன் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மின்கலத்தில் இயங்கும் உணரி, தனித்த தெர்மோகப்பிள் போன்றவற்றுக்குப் புவியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றை வேறுபாட்டு முறையில் இணைத்து அப்படியே விட்டால் இரண்டு வயர்களும் சேர்ந்து மிதந்துபோய் கருவி ஏற்கும் எல்லையைத் தாண்டிவிடும். மறை முனையிலிருந்து கருவியின் புவிக்கு 10 முதல் 100 கிலோ ஓம் வரையான ஒரு தடையியைப் போட்டால் போதும். வயரின் கவச உறையை ஒரு முனையில் மட்டும் புவியோடு இணையுங்கள்.

230 வோல்ட் வழங்கலை தடையிகளால் பிரித்து நேரே இந்தக் கருவியில் இணைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு தடையி எரிந்தால் சுவர் மின்சாரம் உங்கள் விசைப்பலகைக்கு வந்து சேரும். அதற்கென்று தனிமைப்படுத்திய மின்மாற்றிகளும் மின்னோட்ட உணரிகளும் இருக்கின்றன.

50 ஹெர்ட்ஸ்

இலங்கையின் மின் வழங்கல் 50 ஹெர்ட்ஸ். அருகில் ஓடும் உணரி வயர்களில் அது இரைச்சலாக ஏறும். நீங்கள் இணையத்திலிருந்து இறக்கும் உதாரண நிரல்களில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே 60 ஹெர்ட்ஸ். இரைச்சல் வடிகட்டும் தெரிவு 60 என்று இருந்தால் அதை 50 ஆக மாற்றாமல் ஓடவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

அதைவிட நுட்பமானது மாதிரி வீதம், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை அளக்கிறோம் என்பது. வெப்பநிலை மெதுவாகத்தானே மாறும் என்று எண்ணி விநாடிக்கு 10 மாதிரிகள் போதும் என்று வைக்கிறோம். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வயரில் இருந்தால், ஒவ்வொரு மாதிரியும் அந்த அலையின் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகிறது. வழங்கலின் அதிர்வெண் சரியாக 50 இல் நிற்பதில்லை. 50.02 என்றால் உங்கள் வரைபடத்தில் 50 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகான அலை ஒன்று தோன்றும். பார்ப்பதற்கு அறையின் குளிரூட்டி இயங்கி நிற்பது போலவே இருக்கும். அப்படியொரு வெப்பநிலை மாற்றம் அங்கே இல்லவே இல்லை. பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது.

விநாடிக்கு 1,000 மாதிரிகள் எடுத்து, 100 மாதிரிகளுக்கு ஒரு சராசரி எழுதுங்கள். 100 மில்லிவிநாடியில் 50 ஹெர்ட்ஸ் அலை சரியாக ஐந்து சுற்றுகளை முடிப்பதால் ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று கழித்துவிடும். 60 ஹெர்ட்ஸ் அலையும் அதே நேரத்தில் ஆறு சுற்றுகளை முடித்துவிடும் என்பதால் இந்த எண் எங்கும் பொருந்தும். அதிர்வு, ஒலி போன்ற வேகமான அளவீடுகளுக்கு இந்தச் சராசரி உதவாது. அங்கே கருவிக்கு முன்னால் உண்மையான வடிகட்டிச் சுற்று வேண்டும்.

ஒரே மாற்றியை எல்லாச் சேனல்களும் பகிர்வது

விலை குறைந்த கருவிகளில், வோல்ட்டை எண்ணாக்கும் மாற்றி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது சேனல்களை மாறி மாறித் தொட்டுச் செல்கிறது. விநாடிக்கு 10,000 மாதிரிகள் என்று பெட்டியில் இருந்தால் எட்டுச் சேனல்களில் ஒவ்வொன்றுக்கும் 1,250தான். உணரியின் வெளியீட்டுத் தடை அதிகமானால், முந்தைய சேனலின் வோல்ட் முழுதாக மறைவதற்குள் அடுத்தது அளக்கப்பட்டுவிடும். ஒரு சேனலை மாற்றினால் பக்கத்துச் சேனலும் கூடவே அசைகிறதா? இதுதான் காரணம். வீதத்தைக் குறைத்துப் பாருங்கள், பயன்படுத்தாத சேனல்களைப் புவியோடு இணையுங்கள்.

கருவியின் உள்ளீட்டுத் தடையும் கணக்கில் வர வேண்டும். 6008 இல் அது 144 கிலோ ஓம். 10 கிலோ ஓம் வெளியீட்டுத் தடை உள்ள உணரியை நேரே இணைத்தால் வாசிப்பில் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

உணரிக்கான மின்சாரத்தை யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அது சரியாக 5 வோல்ட் என்று நம்ப வேண்டாம். 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியாக வந்தால் 4.4 வரை இறங்கலாம். வழங்கலுக்கு ஏற்ப வெளியீடு மாறும் உணரி என்றால் ஒரு சேனலை ஒதுக்கி வழங்கல் வோல்ட்டையும் சேர்த்துப் பதியுங்கள்.

கணினிப் பக்கம்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருவியைச் செருகுவதற்கு முன் அதன் இயக்கி மென்பொருளை நிறுவுங்கள். விண்டோஸின் உறக்க நிலையையும், யூ.எஸ்.பி. துறைகளை இடையிடையே நிறுத்தும் மின்சேமிப்புத் தெரிவையும் அணையுங்கள். இரவில் தானாக மறுதொடக்கம் செய்யும் புதுப்பிப்பைத் தள்ளிவையுங்கள். யூ.எஸ்.பி. வயர் 5 மீற்றரைத் தாண்டக் கூடாது. நிரலில் தூங்கி எழும் கட்டளையால் நேரத்தை அளக்காமல் கருவியின் சொந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். தரவை நினைவகத்தில் குவித்து இறுதியில் சேமிக்காமல், வரவரக் கோப்பில் எழுதுங்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

கொழும்பின் காற்றும் மின்னலும்

வெள்ளவத்தையிலோ கல்கிசையிலோ கடற்கரையை அண்டிய கட்டடங்களில் உப்புக்காற்று திருகு முனைகளைச் சும்மா விடாது. செம்பு வயரில் பச்சை படியும்போது தடை ஏறும், வாசிப்பு மெல்ல நகரும். வெப்பநிலையைத் தன் தடையின் மாற்றத்தால் காட்டும் பி.டி.100 உணரியை இரண்டு வயர்களில் இணைத்திருந்தால் இது உடனே தெரியும்: அதற்கு ஒரு பாகை என்பது 0.385 ஓம்தான், ஆக இணைப்பில் ஒரு ஓம் கூடினாலே இரண்டரைப் பாகைப் பிழை. மூன்று அல்லது நான்கு வயர் முறைக்குப் போங்கள், வயர் நுனிகளில் குழாய் முனைகளை நசுக்கிப் பொருத்துங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தவுடன் இயக்க வேண்டாம். நம் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் நீராகப் படியும்; அது உலரும் வரை காத்திருங்கள்.

மொட்டை மாடியில் உணரி வைத்திருப்பவர்கள் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழையை நினைவில் வைக்க வேண்டும். நேரே மின்னல் விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட வயரில் தூண்டப்படும் வோல்ட் கருவியையும் கணினியையும் சேர்த்துக் கொன்றுவிடும். இடி கேட்கத் தொடங்கும் முன்பே வயரைக் கழற்றிவிடுங்கள்.

மின்வெட்டையும் மறக்க முடியாது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை அனுபவித்தவர்கள் நாம். மின்சாரம் நின்றாலும் மடிக்கணினி மின்கலத்தில் ஓடும், உணரியின் வழங்கல் மட்டும் செத்துவிடும், கோப்பில் எண்கள் தொடரும். 4 முதல் 20 மில்லியம்பியர் வெளியீடு கொண்ட உணரிகளின் பெரிய நன்மை இங்கே தெரிகிறது. 250 ஓம் தடையியில் அது 1 முதல் 5 வோல்ட்டாக வரும். 1 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் உணரி உயிரோடில்லை என்று நிரலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இணைப்பு முடிந்ததும் நேரே பரிசோதனைக்குப் போகாதீர்கள். முதலில் விடை தெரிந்த ஒன்றை அளவிடுங்கள். புதிய 1.5 வோல்ட் மின்கலத்தைக் கருவியிலும் நம்பகமான மல்டிமீட்டரிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் பூச்சியம் வர வேண்டும். வெப்பநிலை உணரியை நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்தால் 0 பாகை. கொதிநீரில் கொழும்பில் 100 பாகைக்கு மிக அருகில். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும் என்பதால் அங்கே 100 ஐ எதிர்பார்க்க வேண்டாம். கிடைத்த வாசிப்புகளை, எந்தச் சேனல், எந்த வீச்சு, எந்த உணரி, எந்தத் திகதி என்ற விபரங்களோடு தரவுக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவைத்துவிட்டு அளவீட்டைத் தொடங்குங்கள்.