பெரிய ஃபர்னிச்சர் கடை நம் ஊருக்கு வருமா? கணித்துப் பார்க்கும் வழி

ஐகியா மாதிரி ஒரு கடை நம் ஊருக்கு வருமா என்று யார் கேட்டாலும், நான் முதலில் வரைபடத்தைத்தான் விரிப்பேன். நகர எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். காரில் ஒரு மணி நேரத்தில் வந்துசேரக்கூடியவர்கள் அத்தனை பேரையும் எண்ணுங்கள். நடுத்தர நகரங்களுக்குக் கை கொடுப்பது சுற்றுவட்டார ஊர்கள்தான்.

அப்புறம், அந்த நிறுவனத்தின் பக்கத்துக் கிளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். நான் போனேன். வாகன நிறுத்தத்தில், தட்டையான அட்டைப்பெட்டிகளைக் காரின் மேலே வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் எந்த ஊர் என்று விசாரித்தேன். பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்! சந்தோஷமாக இருந்தது. ஆனால் யோசித்தால், அவர்கள்தான் ஏற்கெனவே வந்து வாங்குகிறார்களே, இன்னொரு கடை எதற்கு என்று நிறுவனம் நினைக்கலாம். தூரம் அதிகமாகி, வராமலே விட்டவர்கள் எத்தனை பேர் என்று காட்டினால்தான் நம் பக்கம் வலுக்கும்.

இடமும் முக்கியம். ஐகியாவின் வழக்கமான பெரிய கடை ஏறத்தாழ 3 லட்சம் சதுர அடி. நெடுஞ்சாலையை ஒட்டி, லாரி திரும்ப வசதியோடு நிலம் வேண்டும். புதிய வீடுகளுக்கான கட்டட அனுமதிகள் கூடுகின்றனவா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரிவராவிட்டால், ஆர்டர் செய்த பொருளை நாமே போய் வாங்கிக்கொள்ளும் சிறிய மையம் ஒன்றாவது கேளுங்கள்.