படத்தில் வரும் பழைய ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோரின் கருவி) என்ன மாடல்? கண்டுபிடிக்கும் வழி

பெட்டியின் முகப்பு நேராகத் தெரியும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். கம்பெனிப் பெயரைத் தேடவேண்டாம்; படப்பிடிப்பில் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். டயலைப் பாருங்கள். எண்கள் இடவலமாகத் திரும்பித் தெரிந்தால் காட்சியையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் திருப்பிவைத்துப் பாருங்கள்.

சிறிய பெட்டியில் இரண்டு அரைவட்ட டயல்கள் இருந்தால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது 1946இல் வந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38. அலைவரிசை எண்ணை வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் போல உருளும் இலக்கங்களில் காட்டினால் காலின்ஸ் ஆர்-390ஏ ஆக இருக்கலாம். அது 1950களின் நடுவில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் கதையில் அதற்கு இடமே இல்லை.

நேஷனல் கம்பெனியின் எச்ஆர்ஓ (1935) ஓர் அழகான பெட்டி. நடுவில் ஒரே பெரிய வட்ட டயல், அதன் சிறு துளைகளில் 0 முதல் 500 வரை எண்கள். பத்துச் சுற்றுகளில் அந்த 500 பிரிவுகளும் முடியும். அவை அலைவரிசை எண்கள் அல்ல. அலைவரிசையை அறிய, கீழே செருகியிருக்கும் 'காயில்' (கம்பிச்சுருள்) பெட்டியின் முகப்பில் உள்ள வரைபடத்தைப் பார்க்கவேண்டும். பேண்டை (அலைவரிசைப் பகுதியை) மாற்ற அந்தக் காயில் பெட்டியையே உருவிவிட்டு வேறொன்றைச் செருகவேண்டும். நடிகர் டயலைப் பார்த்தே மெகாசைக்கிள் (மெகாஹெர்ட்ஸின் பழைய பெயர்) சொன்னால் அது தவறு.

அடுத்து, பெட்டி கேட்க மட்டும் உதவும் ரிசீவரா, பேச்சை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரா என்று பாருங்கள். படங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மைக் செருகும் இடம், 'பிளேட்', 'லோடு' என்று எழுதிய குமிழ்கள் இருந்தால் ஒலிபரப்பும் கருவி. சிக்னலின் வலிமையைக் காட்டும் மீட்டரில் 1 முதல் 9 வரையும் அதற்குமேல் 20, 40 டெசிபெலும் மட்டும் இருந்து, மேற்சொன்னவை எதுவும் இல்லையென்றால் அநேகமாக வெறும் ரிசீவர். 2000இல் வந்த 'ஃப்ரீக்வென்சி' படத்தில் பேசப் பயன்படும் ஹீத்கிட் எஸ்பி-301 அப்படிப்பட்ட ரிசீவர்தான். 1969இல் நடக்கும் கதைக்கு அந்த மாடல் காலத்தால் பொருந்துகிறது. ஆனால் பேசுவதற்கு எஸ்பி-401 போன்ற ஒரு டிரான்ஸ்மிட்டரும் பக்கத்தில் இருந்தாகவேண்டும்.

காலத்தைக் கணிக்க எழுத்துகளும் உதவும். அலைவரிசையை அளக்கும் ஹெர்ட்ஸ் என்ற அலகு 1960இல்தான் சர்வதேச அலகு முறையில் (எஸ்ஐ) சேர்ந்தது. அதன் பிறகும் பல வருடங்கள் அமெரிக்கப் பெட்டிகளில் மெகாசைக்கிள்தான். ஆக, 1950களின் கதையில் வரும் அமெரிக்கப் பெட்டியின் டயலில் மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக அது பிந்தையது.

கடைசியாக, பழைய சர்வீஸ் கையேடுகளின் இணையத் தொகுப்பில் முகப்புப் படத்தை எடுத்து, குமிழ்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு குமிழ் கூடினாலும் குறைந்தாலும் அதே வரிசையின் அடுத்த மாடலைப் பாருங்கள்.